கடும் வறுமைக்கு ஓர் ஆங்கிலச் சொல்

புனேயின் சதாசிவ் பேட் பகுதியில் தங்கி அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் கிராமப்புற இளைஞர்கள் ‘டெஸ்டிடியூஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் மனனம் செய்கின்றனர். கடும் வறுமை என்கிறது அகராதி. வள்ளுவர் அதற்கு ‘நல்குரவு’ எனத் தனி அதிகாரமே வகுத்தார். எவர் வறியவர் என்பதை மட்டும் ஆளுவோரின் அளவுகோலே தீர்மானிக்கிறது.

அதே புனேயில் பணியாற்றிய பொருளியலறிஞர்கள் வி.எம். தாண்டேகரும் நீலகண்ட ராத்தும் 1971இல் வெளியிட்ட ஆய்வு, நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவைக் கணக்கின் அடிப்படையாக்கியது. 1960-61இல் கிராம மக்களில் 40 விழுக்காட்டினருக்கும் நகர மக்களில் பாதிப்பேருக்கும் அந்த உணவுக்குரிய வருவாய் இல்லை என்று காட்டியது.

1997இல் மானிய தானியம் வறுமைக் கோட்டுடன் பிணைக்கப்பட்டது. 2009இல் டெண்டுல்கர் குழு கலோரி அளவையே கைவிட்டது. 2011இல் திட்டக் குழு, நகரில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவிட முடிந்தவர் ஏழையல்லர் என உச்சநீதிமன்றத்தில் கூறியது.

கோடு தாழத் தாழ, பசி தீராமலே ஏழைகளின் தொகை சுருங்குகிறது. அவர்களின் தானிய உரிமையும் பறிபோகிறது. தமிழ்நாட்டில் உள்ளதுபோல் அனைவருக்குமான பொது விநியோகத்தை நாடெங்கும் கோருவதற்கு இதுவே காரணம். அச்சொல்லைப் படிக்கும் இளைஞரிடம் இந்தக் கணக்கையும் தோழர்கள் விளக்க வேண்டும்.