மலிவு டீசல் யாருக்கு? சிறைவாசம் யாருக்கு?

தொழிலாளத் தோழர்களே! கிராணிமார்களே!

லிங்கி ஆறு நம் தோட்டங்களைக் கடந்து கடலில் கலக்கிறது. ஆற்றின் மேற்புறத்தில் நாம் பால்மரம் வெட்டுகிறோம். முகத்துவாரத்தில் மீனவர்கள் வலை வீசுகிறார்கள். அவர்கள் படகில் ஊற்றுவதும் நம் லோரியில் ஊற்றுவதும் ஒரே டீசல்தான். விலை மாத்திரம் வேறு. இந்த விலை வித்தியாசத்தில் பிறந்த ஒரு திருட்டைப் பற்றியே இன்று பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதில் லாபம் அடைகிறவன் ஒருவன், அகப்பட்டுக்கொள்கிறவன் நம்மவன்.

கணக்கைப் பாருங்கள். 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது மானியம் எடுக்கப்பட்டது. 2 வெள்ளி 15 காசுக்கு விற்ற ஒரு லிட்டர் 3 வெள்ளி 35 காசாயிற்று. ஆனால் மீனவர்களுக்கு 1 வெள்ளி 65 காசு விலையே வைக்கப்பட்டது. பள்ளிப் பேருந்து முதலிய பொதுப் போக்குவரத்துக்கு 1 வெள்ளி 88 காசு. அனுமதி பெற்ற சரக்கு லோரிகளுக்கு, அட்டையின் பேரில், 2 வெள்ளி 15 காசு. மீனவன் பிழைக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளி செல்ல வேண்டும், அரிசி பருப்பு விலை ஏறக் கூடாது. இந்த நோக்கத்தில் தவறில்லை.

அப்படியானால் தவறு எங்கே நுழைகிறது? படகுக்கென்று வாங்கிய டீசல் கரையிலேயே பீப்பாயில் இறங்கி, இரவோடு இரவாகச் சாலை வாகனத்துக்குப் போகும்போது நுழைகிறது. அன்றைய விலையில் ஒரு லிட்டருக்கு 1 வெள்ளி 70 காசு வித்தியாசம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு 340 வெள்ளி. ஐந்து பீப்பாய் கைமாறினால் 1,700 வெள்ளி. தோழர்களே, 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமும் அதே 1,700 வெள்ளிதான்! விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் ஒரு மாதம் முழுதும் மரம் வெட்டிப் பெறுவதை, ஒருவன் ஐந்து பீப்பாயில் ஒரே இரவில் எடுத்துவிடுகிறான்.

அந்த ஒருவன் யார்? லோரி ஓட்டுகிற நம் டிரைவரா? இல்லை. அவனுக்குக் கிடைப்பது ஐம்பதோ நூறோ. ஸ்டோர்ப் புத்தகத்தில் கையெழுத்திடும் கிராணியா? அவருக்கு அதுகூட இல்லை. மேலிடம் சொன்னது, எழுதினார். மறைவிடத்தில் தொட்டி வைத்திருக்கும் வியாபாரிதான் அந்த லாபத்தை வாரிக்கொள்கிறான். சோதனை வரும்போது அவன் அங்கே இருப்பதில்லை. லோரியில் டிரைவர் இருக்கிறான். புத்தகத்தில் கிராணியின் கையெழுத்து இருக்கிறது.

தண்டனையோ லேசானதன்று. 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் தனிமனிதனுக்குப் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனிக்கு இருபது லட்சம் வரை அபராதம். கம்பெனி அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளக்கூடும். சிறைக்குப் போன டிரைவரின் குடும்பம் எந்தக் கணக்கில் எழுதும்?

சிலர் கேட்கலாம்: "சர்க்கார் பணந்தானே, நமக்கென்ன?" என்று. இதைவிடப் பெரிய மயக்கம் இல்லை. 2019-இல் 140 கோடி வெள்ளியாக இருந்த டீசல் மானியம் 2023-இல் 1,430 கோடியாக ஏறிற்று. உலகச் சந்தை விலை உயர்ந்தது ஒரு காரணம். கடத்தலும் கசிவும் மற்றொரு காரணம். அந்தக் கசிவைக் காட்டித்தான் பொது மானியம் எடுக்கப்பட்டது. திருடியவன் சம்பாதித்தான், திருடாதவன் விலை உயர்வைச் சுமந்தான். டீசல் வண்டி வைத்திருக்கும் தகுதியுள்ளவர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி உதவி அறிவித்தார்கள். லயத்தில் குடியிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவனுக்கு அதில் பங்கில்லை. ஆனால் லோரி வாடகை ஏறினால் கடைச் சாமான் விலையில் அவனுக்கும் பங்குண்டு!

கடல் கடந்தும் இதே கதைதான். இலங்கையில் தோட்டத்து லயங்களும் மீனவர்களும் நம்பியிருந்த மலிவு மண்ணெண்ணெய், பேருந்துகளில் டீசலுக்குப் பதிலாக ஊற்றப்படுகிறது என்ற புகார் நெடுநாளாக இருந்தது. பொருளாதார நெருக்கடியின் நடுவே, 2022 ஆகஸ்டில், லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தினார்கள். ஏமாற்றியவர்களோடு சேர்த்து, விளக்கெரித்தவர்களும் அடுப்பெரித்தவர்களும் அந்த விலையைக் கொடுத்தார்கள். இந்தியாவில், மகாராஷ்டிரத்து மன்மாட் அருகே, எண்ணெய்க் கலப்படத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கச் சென்ற யஷ்வந்த் சோனாவணே என்ற அதிகாரியை 2011 ஜனவரி 25-ஆம் தேதி உயிரோடு எரித்தார்கள். இது பொழுதுபோக்காகச் செய்யும் சில்லறைத் திருட்டல்ல. ஈவிரக்கமற்ற வியாபாரம் என்பதை மறந்துவிடலாகாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

டிரைவர் தோழர்களே, எங்கிருந்து வந்தது என்று சீட்டு இல்லாத பீப்பாயை ஏற்றாதீர்கள். ஒரு லோரிக்குக் கொடுத்த அட்டையை இன்னொரு வண்டிக்கு நீட்டாதீர்கள். கிராணிமார்களே, கண்ணால் பாராத லிட்டருக்குக் கையெழுத்திடாதீர்கள். கட்டாயப்படுத்தினால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். வாய் வார்த்தை விசாரணையில் நிற்காது. தேதியிட்ட ஒரு துண்டுக் காகிதம் நிற்கும்.

மறுத்ததற்காக வேலை போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை நடத்த வேண்டும். அநியாயமாக நீக்கப்பட்டவர், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டப்படி, நீக்கப்பட்ட 60 நாளுக்குள் மனுச் செய்யலாம். நாளைக் கடத்தாமல் அன்றே சங்கத்துக்கு வாருங்கள்.

நிர்வாகங்களுக்கும் சர்க்காருக்கும் நாம் சொல்வது இதுவே: டீசல் கணக்கை வாரந்தோறும் நிர்வாகியே பார்த்துக் கையொப்பமிடட்டும். பிடிபட்ட லோரிக்காரனோடு வழக்கை முடித்துவிடாமல், எண்ணெய் யாருடைய தொட்டிக்குப் போயிற்று என்று தேடுங்கள்.

நம் உழைப்பு மலிவாகப் போனது போதும். நம் கையெழுத்தும் மலிவாகப் போக வேண்டாம்!