தாய்க்கு விளங்காத தாளில் பிள்ளையின் வாழ்வா?



சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசை ஓயாத தெரு ஒன்றிலிருந்து ஒரு தாய் அண்மையில் என் இல்லத்திற்கு வந்தார். நான்காக மடித்த தாளொன்றை நீட்டி, "ஐயா, இதுல என்ன எழுதியிருக்கு? கையெழுத்துப் போடச் சொன்னாவ, போட்டுட்டேன்" என்றார். பன்னிரண்டு அகவையினனான அவர் மகன் பள்ளிக்குச் செல்லாமல் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். அலுவலர்கள் அவனை மீட்டு ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தனர். தாள் முழுதும் ஆங்கிலம். குறித்த நாளில் நேரில் வந்து தம் கருத்தைக் கூறலாம் என்பதே அதன் செய்தி. அந்நாள் கடந்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன!

சிறுவனை வேலையினின்று மீட்டது சரியே. அதில் எமக்கு மாறுபாடு இல்லை. பிள்ளை பெற்றோரின் உடைமை அன்று. அடித்து நொறுக்கும் தந்தைக்காகவோ, பிஞ்சுக் கையின் கூலியில் குடிக்கும் குடியனுக்காகவோ வழக்காட நாம் வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே: பெற்ற வயிற்றிலிருந்து பிள்ளையைப் பிரிக்கும் ஆணை, பெற்றவளுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டுமா, வேண்டாவா?

சட்டம் பெற்றோர்க்கு உரிமையே தரவில்லையா? தந்திருக்கிறது. அரசு 'இளைஞர் நீதிச் சட்டம்' என வழங்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். காப்புத் தேவைப்படும் குழந்தையை, வழிச்செலவு நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்த வேண்டும் என்கிறது 31ஆம் பிரிவு. அக்குழுவில் தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் இருப்பர். முதல்நிலைக் குற்றவியல் நடுவர்க்குரிய ஆற்றல் அக்குழுவிற்கு உண்டு. குடும்ப நிலையைப் பற்றிய ஆய்வு 15 நாள்களுக்குள் முடிந்து, நான்கு திங்களுக்குள் இறுதி ஆணை பிறக்க வழிசெய்கிறது 36ஆம் பிரிவு. பிள்ளையைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்திற்கே உரியது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். இயன்ற விரைவில் குடும்பத்தோடு மீண்டும் சேர்வது பிள்ளையின் உரிமை. இருபக்கமும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இவையெல்லாம் 3ஆம் பிரிவு வகுத்த நெறிகள். பிள்ளையை ஒப்படைத்துக் கையொப்பமிட்ட பெற்றோர்க்கும், அம்முடிவை மீள எண்ணிப் பார்க்க இரு திங்கள் தருகிறது 35ஆம் பிரிவு. குழுவின் ஆணையை எதிர்த்து 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 101ஆம் பிரிவு. குழுவின் செயற்பாடு பற்றிய குறையை மாவட்ட ஆட்சியரிடம் முறையிடவும் சட்டத்தில் வழி உண்டு.

எத்துணை உரிமைகள்! ஆயின், விளங்காத மொழியில் எழுதப்பட்ட உரிமை, பூட்டிய பெட்டியில் வைத்த சோறு அன்றோ? முப்பது நாள் நாள்காட்டியில் ஓடிக்கொண்டிருக்கும். தாள் அடுக்களைப் பரணில் கிடக்கும். கணக்குத் தொடங்கியதே தாய்க்குத் தெரியாது. காலம் கடந்தபின், "பெற்றோர் அக்கறை காட்டவில்லை" என்று அதே ஆங்கிலத்தில் இன்னொரு தாள் எழுதப்படும். அறியாமை அந்தத் தாயினுடையதா? அவள் மொழியை அறியாதது போல் நடக்கும் அலுவலகத்தினுடையதா?

அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றோடு ஒப்பிட்டால் நம் இழிவின் அளவு விளங்கும். 2011 மே திங்களில் நார்வே நாட்டின் இசுடாவஞ்சர் நகரில் வாழ்ந்த வங்காளி இணையரின் இரு சிறு மக்களை அந்நாட்டுக் குழந்தைகள் நலத்துறை பிரித்துச் சென்றது. ஏறத்தாழ ஓராண்டுப் போராட்டத்திற்குப் பின், 2012 ஏப்பிரலில் சிற்றப்பனின் பொறுப்பில் அம்மக்கள் இந்தியா வந்தனர். கொல்கத்தா உயர் முறைமன்றம் 2013இல் அவர்களைத் தாயிடம் சேர்த்தது. அந்தத் தாய் நின்றது அயல் மண். அங்கே ஆட்சி செய்தது அம்மண்ணின் மொழி. சங்கரன்கோவில் தாயோ தன் பாட்டனும் பூட்டனும் உழுத மண்ணில் நிற்கிறாள். தென்காசிக்குப் போய்வர ஒரு நாள் கூலியை இழக்கிறாள். அங்கே அவள் கையில் கிடைப்பதோ அவள் மண்ணுக்கு உரியதல்லாத மொழி. நார்வேயில் அயலவராய் நிற்பது இயல்பு. தமிழ்நாட்டில் தமிழச்சி அயலவளாய் நிற்பது யார் செய்த கேடு?

"சட்டம் ஆங்கிலத்தைத்தானே கேட்கிறது" என்பர் சிலர். பொய்! உச்ச, உயர் முறைமன்றங்களுக்கே ஆங்கிலத்தைக் கட்டாயமாக்குகிறது அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு. மாவட்டக் குழுவை அது கட்டுப்படுத்தவில்லை. தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் என்று 1956ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தோம். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கீழமை மன்றங்களிலும் தமிழுக்கு இடம் வகுத்தோம். தடுப்பது சட்டமன்று; எழுதுவோரின் பழைய படிவமும் அடிமைப் பழக்கமுமே!

"வாய்மொழியாக விளக்கிவிட்டோம்" என்பர் வேறு சிலர். மராட்டிய மாநிலத்தில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட ஒருவர்க்குக் கரணியங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. அவர் அறிந்ததோ இந்தி. வாய்மொழி விளக்கம் போதாது, அவர்க்குத் தெரிந்த மொழியில் எழுத்தால் தந்திருக்க வேண்டும் என்று கூறி, 1962இல் உச்ச முறைமன்றம் அவரை விடுவித்தது. சிறைப்பட்டவனுக்குப் பொருந்தும் அறம், பிள்ளையைப் பிரிந்தவளுக்குப் பொருந்தாதா? இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும், பிள்ளையைப் பிரிக்கும் நடவடிக்கையில் பெற்றோர் பங்கேற்றுத் தம் கருத்தைக் கூற வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. படிக்கவே இயலாதவள் பங்கேற்பது எங்ஙனம்?

ஒன்றை மறவாதீர். இந்த அறம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பிழைப்புத் தேடி இங்கு வந்த ஒடியத் தாயின் பிள்ளையைப் பிரித்தால், அவளுக்கு ஒடிய மொழியில் தாள் தரவேண்டும். மொழித் திணிப்பை எதிர்ப்பவன் பிறர்மீது தன் மொழியைத் திணியான்.

ஆகவே அரசை வற்புறுத்துவோம்: அழைப்பாணை, குடும்ப ஆய்வறிக்கை, வாக்குமூலம், இறுதி ஆணை ஆகிய அனைத்தும் தமிழில் வேண்டும், கையொப்பம் பெறுமுன் படித்துக் காட்ட வேண்டும், படியொன்றை அங்கேயே கொடுக்க வேண்டும், மேல்முறையீட்டுக்குரிய கடைசி நாளை ஆணையிலேயே பொறிக்க வேண்டும்.

அதுவரை, பெற்றோரே! விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர். இட நேர்ந்தால், "எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும், இது எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை" என்று மேலே தமிழில் எழுதுங்கள். படி கேட்டு வாங்குங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருவாயைக் கணக்கிடாமலே பெண்டிர்க்குக் கட்டணமின்றி வழக்குரைஞர் உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடுங்கள். 15100 என்னும் எண்ணில் அழையுங்கள்.

அந்தத் தாய்க்கு ஒரு முறையீட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பின்னர் அவர் சொல்லைக் கேட்டனர். மகன் வீடு திரும்பி இன்று பள்ளிக்குச் செல்கிறான். ஆயின், இத்தெரியாத ஊருக்கு ஒரு திண்ணை உண்டு. திண்ணையில்லாத தாய்மார் எத்தனை பேர்? உரிமை குடியிருக்க வேண்டிய இடம் தமிழாசிரியன் வீட்டுத் திண்ணை அன்று, அந்தத் தாளே! அதைத் தமிழில் எழுத வைக்கும்வரை ஓயோம்!