பலிபீடப் பணியில் சிறுமியர்: எங்கள் நிலைப்பாடு

புதுநன்மை வாங்கிய சிறுமியருக்கும் சிறுவர்களைப் போலவே எல்லாப் பங்குகளிலும் பீடப்பணிக்கு இடம் தர வேண்டும். பொதுநிலையினர் அமைப்பாகிய எங்கள் உறுதியான நிலைப்பாடு இது.

திருச்சபைச் சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. 1980-இல் உரோமை தந்த விதிமுறை பெண்களை அனுமதிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 230-ஆம் எண், இரண்டாம் பத்தி பீடப்பணிக்கும் பொருந்தும், அதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை என்று 1992-இல் விளக்கம் பிறந்தது. 1994 மார்ச்சில் அது ஒரு மடல் வழியாக ஆயர் பேரவைகளுக்கு அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் என்னும் நிலையான பணிகளையே பெண்களுக்குத் திறந்துவிட்டார். அதன் பிறகும் ஒரு சிறுமி தூபக்கலசம் ஏந்தத் தயக்கம் ஏன்?

பீடச்சிறுவர்களிலிருந்து குருக்கள் உருவாகிறார்கள் என்பது முக்கியமான பதில். 1994 மடலும் அதை நினைவூட்டி, சிறுவர் குழுக்களை ஆதரிக்கச் சொல்கிறது. அதை மதிக்கிறோம், சிறுவர்களுக்குத் தனிப் பயிற்சி தொடரட்டும். ஆனால் இறையழைத்தல் துறவறத்துக்கும் உண்டு. நம் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தாங்கும் அருள்சகோதரிகளும் ஏதோ ஒரு பங்கின் சிறுமிகள்தாம்.

வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்றும் நம் ஊர்களில் உண்டு: தீட்டு. கோவிலைக் கூட்டலாம், பீடத்துக்குப் பூ வைக்கலாம், பாடகர் குழுவில் பாடலாம். வயதுக்கு வந்ததும் பீடத்தருகே நிற்கக் கூடாது என்பார்கள். இது நற்செய்திக்கு எதிரானது. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண் தம் ஆடையைத் தொட்டபோது இயேசு அவரை விலக்கவில்லை. "மகளே" என்று அழைத்தார். இந்த எண்ணத்தை மறையுரையிலேயே வெளிப்படையாக மறுக்கும்படி குருக்களைக் கேட்கிறோம்.

அனுமதி தருவது ஆயரின் உரிமை. அவர் அனுமதித்தாலும் எந்தக் குருவையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2001-இல் உரோமை தெளிவுபடுத்தியது. அதனால்தான் பங்குத்தந்தை மாற்றலானதும், அதுவரை பீடப்பணி செய்த சிறுமி காரணம் தெரியாமலே நிறுத்தப்படும் நிலை வரக்கூடும். குழந்தையின் மனம் அங்கே உடைகிறது. ஆகவே ஆயர்கள் தங்கள் அனுமதியை எழுத்தில் வெளியிட வேண்டும். ஏற்க விரும்பாத பங்குத்தந்தை, காரணத்தைப் பங்குப் பேரவையில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பயிற்சி பெற்ற சிறுமியரை எந்த மாற்றலின்போதும் நீக்கக் கூடாது.