உதவியும் வேண்டும், கணக்கும் வேண்டும்

2020 ஏப்ரல் மாதம். ஊரடங்குச் சட்டத்தால் வாப்பாவின் தையல் கடை பூட்டிக் கிடந்தது. வருமானம் இழந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் 5000 ரூபா கொடுக்கிறது என்ற செய்தி எங்கள் ஒழுங்கைக்கும் வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. உம்மா விசாரித்தபோது, "உங்கட பேர் லிஸ்ட்டில இல்ல" என்ற பதில் மட்டுமே வந்தது. அந்தப் பட்டியல் எங்கும் ஒட்டப்படவில்லை.

அன்று எனக்குப் பக்கத்து வீட்டார் மீதுதான் கோபம் வந்தது. அது பிழையான கோபம். கணக்கு மறைந்திருந்தால் அயலவர்களுக்கிடையில்தான் முதலில் சந்தேகம் முளைக்கிறது.

நாட்டளவிலும் நிலைமை இதுதான். பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது என்கிறது நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. ஆனால் 2020 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. கொரோனா காரணமாகத் தேர்தல் ஆகஸ்ட் 5 வரை பின்போடப்பட்டது. கலைத்த பாராளுமன்றத்தை மீண்டும் கூட்டுமாறு எதிர்க்கட்சிகள் கேட்டும் அது நடக்கவில்லை. புதிய பாராளுமன்றம் ஆகஸ்ட் 20ஆம் திகதிதான் கூடியது. நிவாரணத்துக்குப் பெருந்தொகை செலவான அந்த மாதங்களில், "எவ்வளவு, யாருக்கு, எப்படி?" என்று கேட்கச் சபையே இருக்கவில்லை. மக்கள் நன்கொடை கொடுத்த கொவிட் நிதியமும் அதே மார்ச் மாதம்தான் ஆரம்பிக்கப்பட்டது.

"உயிர் போகும் நேரத்தில் கணக்குப் பார்ப்பதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பசியோடு இருப்பவரைக் கோப்புக்காகக் காக்க வைக்கக் கூடாது. ஆனால் கொடுத்த பின்னராவது கணக்கை மக்கள் முன் வைக்கலாம் அல்லவா? கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகள் பின்னர் வரத்தான் செய்யும். ஆனால் பசித்த வயிற்றுக்கு அவை காலம் கடந்த செய்தி. கணக்கு உதவியோடு கூடவே நடக்க வேண்டும். பொதுப்பணம் ஓர் அமானிதம் அல்லவா?

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. உதவிக்கான தகைமைகளையும், ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதையும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் ஒட்டலாம். நிதியங்களின் வரவு செலவை மாதந்தோறும் வெளியிடலாம். எந்த அனர்த்தத்திலும் பாராளுமன்றம் நீண்ட காலம் மூடிக் கிடக்காதபடி ஏற்பாடு செய்யலாம்.

நம் கையிலும் ஒரு கருவி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, காரணம் சொல்லாமலேயே ஒரு பிரஜை அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

மே மாதம் வாப்பா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் முறை எங்கள் பெயரும் பட்டியலில் சேர்ந்தது. கேட்டதால் கிடைத்தது. ஆனால் கடிதம் எழுதத் தெரியாத வீடுகள் எத்தனை? அவர்களுக்காகவும் நாம் கேட்கப் பழக வேண்டும்.