இ.டி.பி., இ.டி.டி. - என்ன வித்தியாசம்? பெர்ஃப்யூம் வாங்கும் முன் ஒரு நிமிடம்!

ஆன்லைனில் தள்ளுபடி விற்பனை ஆரம்பித்தாலே போதும், மொபைல் திரை முழுக்க பெர்ஃப்யூம் பாட்டில்கள்தான். ஒரே பிராண்ட், ஒரே பெயர், ஒரே டிசைன். ஆனால், ஒன்றில் ‘இ.டி.பி.’ என்றும் இன்னொன்றில் ‘இ.டி.டி.’ என்றும் இருக்கும். விலையிலோ பெரிய வித்தியாசம். ‘எல்லாம் சென்ட்தானே, எதுக்கு இவ்ளோ ரேட்?’ என்று குழம்பி, தள்ளுபடி அதிகமாக உள்ளதை கார்ட்டில் போட்டுவிடுபவர்கள் உண்டு. காசு வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கு?

வாசனை எண்ணெய், ஆல்கஹால், கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். இதில் எண்ணெய் எத்தனை சதவீதம் என்பதை வைத்தே வகை பிரிக்கிறார்கள். தோராயமான கணக்கு இது:

* பர்ஃபம்: 20 முதல் 30%. விலை அதிகம். 6 முதல் 8 மணி நேரம் வரை நிற்கும்.
* ஓ டி பர்ஃபம் (இ.டி.பி.): 15 முதல் 20%. 4 முதல் 6 மணி நேரம்.
* ஓ டி டாய்லெட் (இ.டி.டி.): 5 முதல் 15%. 2 முதல் 4 மணி நேரம்.
* ஓ டி கொலோன் (இ.டி.சி.): 2 முதல் 5%. சுமார் 2 மணி நேரம். காய்ச்சல் வந்தால் துணியில் நனைத்து நெற்றியில் போட, வீட்டுப் பெரியவர்கள் வைத்திருந்த ‘யூடிகோலன்’ இதுதான்.
* பாடி மிஸ்ட்: 1 முதல் 3%. குளித்ததும் ஒரு ஃப்ரெஷ்னஸ், அவ்வளவே.

அப்போ இ.டி.பி.ன்னா பெஸ்ட்டா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மேலே உள்ள சதவீதங்கள் தொழிலில் இருக்கும் வழக்கம்தான். உலகம் முழுக்கப் பொருந்தும் சட்ட வரையறை எதுவும் கிடையாது. எண்ணெயின் சதவீதத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் பாட்டிலில் அச்சிடுவதும் இல்லை. அதனால் 300 ரூபாய் பாட்டிலிலும் ‘இ.டி.பி.’ என்று எழுதிவிட முடிகிறது. எண்ணெயின் அளவை வைத்து அதன் தரத்தையும் சொல்லிவிட முடியாது.

மில்லியை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். உதாரணத்துக்கு, 1,500 ரூபாய்க்கு இரண்டு பாட்டில்கள் என்று வைத்துக்கொள்வோம். 8% எண்ணெய் உள்ள 100 மில்லி இ.டி.டி.யில் இருப்பது 8 மில்லி எண்ணெய். 16% உள்ள 50 மில்லி இ.டி.பி.யில் இருப்பதும் அதே 8 மில்லிதான். பெரிய பாட்டில் லாபம் என்று தோன்றினாலும், கூடுதலாகக் கிடைப்பது ஆல்கஹாலும் தண்ணீரும்தான்.

டியோடரன்ட், அத்தர் எந்தக் கணக்கு?

டியோடரன்ட்டின் வேலை, உடலில் பாக்டீரியாவால் வரும் வாடையைக் குறைப்பது. வியர்வையையே குறைக்க அலுமினிய உப்பு கலந்த ‘ஆன்டிபெர்ஸ்பிரன்ட்’ வேண்டும். பெர்ஃப்யூம் இந்த இரண்டு வேலையையும் செய்யாது. வியர்வை நாற்றத்தின் மேல் அடித்தால் இரண்டும் கலந்துதான் வீசும்.

அத்தரில் ஆல்கஹால் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில், செம்புப் பானையில் பூக்களைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவதுதான் பாரம்பரிய முறை. இப்போது சந்தன எண்ணெயின் விலை எக்கச்சக்கம். ஆகவே, மிகக் குறைந்த விலையில் ‘சந்தன அத்தர்’ கிடைத்தால் சந்தேகப்படலாம்.

சருமத்துக்குப் பிரச்சினை வருமா?

சிலருக்கு வரும். ‘நேச்சுரல்னா சேஃப்’ என்பதும் சரியல்ல. எலுமிச்சை வகைகளில் இருக்கும் லிமோனின், லாவெண்டரில் இருக்கும் லினலூல் இரண்டுமே அலர்ஜி தரக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இந்த விதியை இறுக்கியது. முன்பு 20-க்கும் மேற்பட்ட அலர்ஜி பொருட்களின் பெயரை லேபிளில் போட வேண்டியிருந்தது. இப்போது அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டிவிட்டது. அங்கே புதிய தயாரிப்புகளுக்கு 2026 ஜூலை 31-ம், ஏற்கெனவே விற்பனையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31-ம் காலக்கெடு. பூனாவாகவோ பாரிஸாகவோ இருக்கட்டும், ஒருமுறை அரிப்பு வந்தவர்கள் இந்தப் பெயர்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்தியாவில் பெர்ஃப்யூம் அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுகிறது. உற்பத்தியாளரின் பெயர், முகவரி, பேட்ச் எண், காலாவதி விவரம் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். இவை இல்லாத ‘ஒரிஜினல் காப்பி’யைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

எப்படித் தேர்வு செய்வது?

கடையில் காகிதத்தில் அடித்து மோந்து பார்ப்பது முதல் படி மட்டுமே. முதல் 10, 15 நிமிடம் வருவது சீக்கிரம் பறந்துவிடும் மேல் வாசனை. மணிக்கட்டில் அடித்துக்கொண்டு, பில் போடாமல் வெளியே வந்துவிடலாம். மதிய வெயில், ஏசி அறை இரண்டையும் தாண்டி மாலையில் மிச்சம் இருப்பதுதான் அந்த பாட்டிலின் உண்மையான வாசனை. ஆன்லைனில் என்றால், முழு பாட்டிலுக்கு முன் 5 அல்லது 10 மில்லி சாம்பிள் வாங்கிப் பார்க்கலாம்.

ஏசி அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்குத் தொந்தரவு தராமல் இருக்க இ.டி.டி. போதும். மாலை நேர விசேஷங்களுக்கு இ.டி.பி. சரியாக இருக்கும். எதை வாங்கினாலும் பைக் டிக்கியிலும் கார் டேஷ்போர்டிலும் வைக்க வேண்டாம். சூடும் வெளிச்சமும் பட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வாசனையும் கெட்டுவிடும்.