குஞ்சுக்கு ஏன் இந்த அவசரச் சிவப்பு?

வண்ணமீன் கடைகளில், வட்டத் தட்டைப் போன்ற உடலுடன் மெல்ல நீந்தும் டிஸ்கஸ் மீனைப் பார்த்திருக்கிறீர்களா? அமேசான் ஆற்றுப் படுகையே இதன் தாயகம். 1840-ஆம் ஆண்டில் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி இதனை முதன்முதலாக விவரித்தார். தாய், தந்தை இரண்டின் தோலிலும் ஊறும் வழவழப்பான பொருளைத் தின்றே குஞ்சுகள் முதல் சில வாரங்கள் வளர்கின்றன. மீனினத்தில் இது அபூர்வமான காட்சி!

ஆனால் குஞ்சுக்குப் பெற்றோரின் அழகு கிடையாது. பெரும்பாலான வகைகளில் அது பழுப்பாக, மங்கலாகவே இருக்கும். நிறம் முழுமையாக மலர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். அதுவரை பொறுத்திருக்க மனமில்லாதபோதுதான் தொல்லை தொடங்குகிறது.

இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே விடை இருக்கிறது. சாம்பல் நிற இறாலைக் கொதிநீரில் போட்டால் சிவந்துவிடுகிறது அல்லவா? அஸ்டாக்சாந்தின் என்னும் செந்நிறமி இறாலின் ஓட்டில் ஒரு புரதத்துடன் பிணைந்து ஒளிந்திருக்கிறது. வெப்பம் பட்டதும் புரதம் சிதைந்து, நிறமி வெளிப்படுகிறது. இது கரோட்டீன் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து நிறமிகளை மீனால் தானே தயாரிக்க முடியாது. பாசிகள் தயாரிக்கின்றன, பாசியை இறாலினச் சிற்றுயிர்கள் தின்கின்றன, அவற்றை மீன் தின்கிறது. கடைசியில் அந்த நிறமி மீன் தோலிலுள்ள நிறமிச் செல்களில் போய்ச் சேருகிறது. பூநாரையின் செந்நிறமும் சால்மன் மீனின் தசை நிறமும் இப்படி உணவில் வந்தவைதான்.

எனவே இறால், நிறமி கலந்த தீனி ஆகியவற்றைக் கொடுத்துச் சிவப்பைக் கூட்டுவதை நான் குறை கூறமாட்டேன். அது உணவு, நிறுத்தினால் நிறம் சற்று மங்கும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பரம்பரையில் சிவப்பு இல்லாத மீனுக்குக் கூடை கூடையாக இறால் போட்டாலும் அது செம்மீன் ஆகிவிடாது.

நான் எதிர்ப்பது வேறொரு முறையை. சில வியாபாரிகள் மெதில்டெஸ்டோஸ்டிரோன் என்ற செயற்கை ஆண் ஹார்மோனைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கிறார்கள். திலேப்பியா மீன் பண்ணைகளில் குஞ்சுகளை எல்லாம் ஆணாக மாற்றப் பயன்படும் மருந்து இது! இதைக் கொடுத்தால், பருவம் வந்த பின் தோன்ற வேண்டிய நிறம் சின்னஞ்சிறு குஞ்சிலேயே பளிச்சிடும். ஆனால் அந்தக் குஞ்சின் இனப்பெருக்க உறுப்புகள் கெட்டுப்போகலாம், மீன் மலடாகலாம். வாங்கியவர் வீட்டில் மருந்து கிடைக்காதபோது நிறமும் வெளுத்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய மாணவன், தன் வளர்ப்பில்தான் ஏதோ கோளாறு என்று வருந்துவான். இதை ஏமாற்று வேலை என்றே நான் சொல்வேன்.

'வாங்குபவர் கேட்பதைத்தானே கொடுக்கிறோம்' என்பது விற்பவரின் வாதம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. மங்கலான குஞ்சை ஒதுக்கிவிட்டுச் சிவந்த குஞ்சுக்கே நாம் கை நீட்டுகிறோம்.

அதற்காகச் சிவந்த குஞ்சை எல்லாம் சந்தேகிக்க வேண்டாம். தாய்லாந்தில் உருவாக்கப்பட்ட 'பிஜியன் பிளட்' வகையில் உடலில் கறுப்புப் பட்டைகள் இல்லை. அதன் நிறம் இளமையிலேயே தெரியும். மற்ற வகைகளில், ஐந்து ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரிய குஞ்சு முதிர்ந்த மீனின் முழு வண்ணத்துடன் நின்றால் யோசியுங்கள். அதன் வயது என்ன, என்ன தீனி தின்றது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முடிந்தால் பெற்றோரைக் காட்டச் சொல்லுங்கள். நாளை உங்கள் குஞ்சு என்ன நிறம் பெறும் என்பதைப் பெரும்பாலும் அந்த ஜோடியிடம் பார்த்துவிடலாம். பிறகு மங்கலான குஞ்சையே துணிந்து வாங்கி, 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சுத்தமான நீரில் விட்டு, நோட்டில் மாதம் ஒருமுறை அதன் நிறத்தைக் குறித்து வாருங்கள்.