கொப்பிக்கு முன்னர் காது

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் உம்மாமார் பலரும் ஒரே விஷயத்தைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். "டீச்சர், இவனுக்கு அ இலிருந்து ஔ வரைக்கும் எழுதத் தெரியும்."

சந்தோஷம். ஆனால் "பால்... முதல்ல என்ன சத்தம் கேட்குது மகன்?" என்று கேட்டால் அதே பிள்ளை முழிக்கும். "மாடு" என்று பதில் சொல்லும் பிள்ளையும் உண்டு! பொருளை யோசிக்கிறதே தவிர, சத்தத்தைக் கேட்டுப் பழகவில்லை.

நேரடியாகவே சொல்கிறேன். நாலு வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, கொப்பி நிறைய 'அ' எழுத வைப்பது வாசிப்புப் பயிற்சி இல்லை. அது வெறும் கைவலி. சொல்லுக்குள் இருக்கும் சத்தங்களைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் எழுத்து பிள்ளைக்கு நன்றாக உதவும்.

தமிழுக்கு இது மிகவும் முக்கியம். கல், கால். விடு, வீடு. படம், பட்டம். சத்தம் கொஞ்சம் நீண்டாலோ, அழுத்தினாலோ சொல்லே மாறிவிடும். இரண்டாம், மூன்றாம் தரத்தில் 'பால்' என்று சொல்ல 'பல்' என்று எழுதும் பிள்ளைகளைக் "கவனமில்லை" என்று ஏசுகிறோம். சில வீடுகளில் அடிமட்டமும் பேசும். பல பிள்ளைகளுக்கு அந்த நீளத்தைக் காது இன்னும் பிரித்தறியவில்லை. அடித்தால் அது வராது.

மத்ரஸாவில் மௌலவி என்ன செய்கிறார்? ஸீன் வேறு, ஸாத் வேறு என்று பிள்ளையின் காதில் விழும்வரை திருப்பித் திருப்பி ஓதிக் காட்டுகிறார். அந்தப் பொறுமையில் பாதியைத் தமிழுக்கும் கொடுத்தால் என்ன?

இதற்கு ரியூஷன் வேண்டாம், குசினி போதும். "வட்டிலப்பம்" என்று சொல்லிக் கைதட்ட வையுங்கள்: வட்-டி-லப்-பம், நாலு தட்டு. உம்மாவுக்கு ரெண்டு. தேங்காய் திருவும்போது, 'ம' சத்தத்தில் தொடங்கும் சாமான் என்னென்ன? மஞ்சள், மல்லி, மாசி. 'கடை'யில் 'க'வை எடுத்துவிட்டு 'வ' போட்டால்? வடை! 'கு' போட்டால்? குடை. பிள்ளை "லடை" என்று அர்த்தமில்லாமல் சொன்னாலும் சிரித்துவிட்டு விடுங்கள். சத்தத்தை மாற்றப் பழகிவிட்டது, அதுதான் தேவை.

(நம் பேச்சில் ழ, ள இரண்டும் ஒன்றுதான். "வாளப்பளம்" என்று சொல்லும் நாலு வயதுப் பிள்ளையை அதற்காகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம். புத்தகம் வாசிக்கும் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.)

உம்மா வெளிநாட்டில் உழைக்க, உம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் கொஞ்சமில்லை. "எனக்கு எழுத வாசிக்கத் தெரியாதே டீச்சர், நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்று அந்த உம்மம்மாமார் ஒதுங்கி நிற்பார்கள். நொடி போடத் தெரியும்தானே? தாலாட்டுத் தெரியும்தானே? ஒரே ஓசையில் முடியும் சொற்களைப் பிள்ளை அங்கேதான் முதலில் கேட்கும். கட்டாரில் இருக்கும் வாப்பாவும் இரவு கோல் எடுத்து "சாப்பிட்டீங்களா மகள்?" என்று கேட்ட கையோடு, "'த'வில தொடங்குற ஒரு சாமான் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கலாம்.

இன்னொன்று. பின்னால் நின்று கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாத, டீவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளையை, "பிடிவாதம்" என்று முடிவுகட்ட முன்னர் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.